பேச்சு சிகிச்சையில் மேற்படிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் குழந்தைகளின் பேச்சுத் தாமதம் குறித்து எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குழந்தைகளைப் பற்றியவை அல்ல. "இந்தப் படிப்பை நானும் படிக்க விரும்புகிறேன், மேற்படிப்புக்கு எப்படி விண்ணப்பிப்பது?" என்றே பலரும் கேட்டிருந்தார்கள். பல ஆண்டுகள் மருத்துவமனையில் பேச்சு சிகிச்சையாளராகவும், பின்னர் வகுப்பறையில் ஆசிரியராகவும் இருந்தவள் என்ற முறையில் அவற்றில் ஏழு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கடிதம் எழுதியவர்களின் ஊரை மட்டும் குறிப்பிட்டு, பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: பி.ஏ.எஸ்.எல்.பி. (செவிப்புலன், பேச்சு மொழி நோயியல் பட்டப்படிப்பு) மூன்று ஆண்டுகள் முடித்து இப்போது இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறேன். உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்க எண்ணம். மதிப்பெண் சுமாராகத்தான் இருக்கிறது. நோக்க அறிக்கையை (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு தரும் கட்டுரை) "சிறுவயது முதலே எனக்குச் சேவை மனப்பான்மை உண்டு" என்று தொடங்கி எழுதினேன். எங்கள் பேராசிரியை அதைப் படித்துவிட்டு, "இதில் நீ எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டுத் திருப்பித் தந்துவிட்டார். வேறு என்னதான் எழுதுவது?
— வாசகி, சென்னை

பதில்: உங்கள் பேராசிரியை சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். நீங்கள் எழுதியதைப் பொய் என்று அவர் சொல்லவில்லை. அந்த வரி செவிலியர் படிப்புக்கும் பொருந்தும், ஆசிரியர் பயிற்சிக்கும் பொருந்தும், சமூகப் பணிக்கும் பொருந்தும் என்பதுதான் அவருடைய குறை. தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரே நாளில் நாற்பது, ஐம்பது அறிக்கைகளைப் படிக்கிறார்கள். அவற்றில் முக்கால்வாசி சிறுவயதில்தான் தொடங்குகின்றன. அவர்கள் தேடுவது ஒன்றே ஒன்று: இந்த மாணவி ஒரு நோயாளியின் எதிரே உட்கார்ந்து, அவர் பேசுவதை உண்மையிலேயே காது கொடுத்துக் கேட்டிருக்கிறாளா?

என் மாணவி ஒருவர் எழுதிய அறிக்கை இன்னும் என் நினைவில் இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சிழந்து, அஃபேசியா என்று கண்டறியப்பட்ட ஒரு முதியவரிடம் அவர் பயிற்சிக்குப் போனார். மூன்று விரல்களைக் காட்டி "இது எத்தனை?" என்று கேட்டால் அந்த முதியவருக்குச் சொல் வராது, உதடு மட்டும் அசையும். ஆனால் "ஒண்ணு" என்று எடுத்துக் கொடுத்தால், "ரெண்டு, மூணு, நாலு" என்று பத்து வரை தடையில்லாமல் ஓடிவிடுவார். ஒரு நாள் அந்த ஓட்டத்தில் "மூணு" வந்ததும் மாணவி சட்டென்று தன் மூன்று விரல்களை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். முதியவர் அங்கேயே நின்றுவிட்டார். விரல்களைப் பார்த்தார், மறுபடியும் "மூணு" என்றார், இம்முறை மெதுவாக. மாணவி எழுதியது இவ்வளவுதான். வரிசையாகச் சொல்லும்போது வருகிற சொல் தனியாகக் கேட்டால் ஏன் வருவதில்லை, அந்த வரிசையையே பாலமாக வைத்துத் தனிச்சொல்லுக்கு அவரை அழைத்துவர முடியுமா, எத்தனை நாள் செய்தால் அது நிலைக்கும் என்று மூன்று கேள்விகளை அடுத்து எழுதி, இவற்றுக்கு விடை காணும் பயிற்சி தன்னிடம் இல்லை, அதற்காகவே மேற்படிப்பு வேண்டும் என்று முடித்திருந்தார். சேவை என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. அதைப் படித்தவர் எவருக்கும் அவர் எப்படிப்பட்ட சிகிச்சையாளராக வருவார் என்பதில் ஐயம் இருந்திருக்காது.

உங்கள் இன்டர்ன்ஷிப் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டுங்கள். எந்த நோயாளியைப் பற்றி வீட்டில் போய்ப் பேசினீர்கள், எந்தப் பயிற்சி எதிர்பார்த்தபடி நடக்காமல் உங்களைத் தூங்கவிடவில்லை என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய பெயர், ஊர், வேலை என்று அடையாளம் காட்டக்கூடிய எதுவும் வேண்டாம். நீங்கள் என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள், எங்கே தடுமாறினீர்கள் என்பதை எழுதுங்கள். அதன் பிறகு, நீங்கள் விண்ணப்பிக்கும் துறையில் அந்தக் கேள்வியோடு தொடர்புடைய பணி செய்பவர் யார், என்ன மருத்துவப் பயிற்சி அங்கே கிடைக்கிறது என்று பார்த்து இரண்டு வரி சேருங்கள். கல்லூரியின் பெயரை மட்டும் மாற்றி எல்லா இடங்களுக்கும் ஒரே அறிக்கையை அனுப்புவது படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

மதிப்பெண் குறைந்ததற்கு உண்மையான காரணம் இருந்தால் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள். காரணம் இல்லையென்றால் சொல்லவே வேண்டாம். இந்தியாவில் பெரும்பாலும் நுழைவுத் தேர்வும் பட்டப்படிப்பு மதிப்பெண்ணும்தான் முதலில் பார்க்கப்படும். ஆனாலும் "ஏன் இந்தப் படிப்பு?" என்ற கேள்வி நேர்காணலில் வரும்போது, உட்கார்ந்து எழுதிய இந்த அறிக்கைதான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

கேள்வி: நான் எம்.ஏ. தமிழ் படித்தவள், மொழியியலில் மிகுந்த ஆர்வம் உண்டு. நேரடியாக எம்.எஸ்சி. பேச்சு மொழி நோயியலில் சேர முடியுமா? ஆறு மாதச் சான்றிதழ் படித்தாலே ஸ்பீச் தெரபிஸ்ட் ஆகிவிடலாம் என்றும் ஒரு விளம்பரம் பார்த்தேன்.
— வாசகி, மதுரை

பதில்: இந்தியாவில் முடியாது. எம்.எஸ்சி.யில் சேர, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் (ஆர்.சி.ஐ.) அங்கீகாரம் பெற்ற பி.ஏ.எஸ்.எல்.பி. பட்டமோ அதற்கு இணையான பழைய பி.எஸ்சி. பட்டமோ கட்டாயம். பி.ஏ.எஸ்.எல்.பி. என்பது மூன்று ஆண்டு வகுப்பும் ஓராண்டு இன்டர்ன்ஷிப்புமாக நான்கு ஆண்டுகள். +2 வகுப்பில் அறிவியல் பிரிவு எடுத்தவர்களே அதில் சேர முடியும். நீங்கள் அந்தப் பிரிவில் படித்தவர் என்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் வழி உண்டு. ஆனால் கல்லூரிக்குக் கல்லூரி வயது வரம்பு வேறுபடும் என்பதால் விவரக் கையேட்டைப் படித்த பிறகே முடிவெடுங்கள்.

அந்த ஆறு மாத விளம்பரத்தை நம்பி ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம், 1992, இந்தத் துறையில் யார் பணி செய்யலாம் என்பதைத் தெளிவாகவே சொல்கிறது. அங்கீகரிக்கப்பட்ட தகுதியோடு மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் பதிந்தவர் மட்டுமே மறுவாழ்வு வல்லுநராகத் தொழில் செய்யலாம். மீறுபவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். அபராதத் தொகை இன்றைக்குச் சிறியதாகத் தோன்றலாம், ஆனால் சட்டம் எதற்காக இருக்கிறது என்பதை வார்டில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் பயிற்சி கொடுப்பதும் எங்கள் வேலையே. அவருக்குத் தண்ணீர் கொடுக்கலாமா, கஞ்சியைக் கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டுமா, தலையை எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும் என்று முடிவு செய்பவருக்குத் தொண்டையின் உடற்கூறு தெரியாவிட்டால், உணவு மூச்சுக்குழலுக்குள் போய் நிமோனியாவில் முடியும். இருமல்கூட வராமல் அது நடந்துவிடும் நோயாளிகள் உண்டு. ஆறு மாதத்தில் கற்கக்கூடிய விஷயம் அல்ல இது.

எந்தக் கல்லூரியானாலும், அது நடத்தும் குறிப்பிட்ட படிப்புக்கு, நீங்கள் சேரும் அந்தக் கல்வியாண்டுக்கு, ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சிலின் பட்டியலில் நீங்களே சரிபாருங்கள். பல்கலைக்கழகத்துக்குப் பெயர் இருக்கிறது என்பது மட்டும் போதாது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே வேறு பாடத்தில் பட்டம் பெற்றவரும், ஒலியியல், பேச்சு உறுப்புகளின் உடற்கூறு, மொழி வளர்ச்சி, செவிப்புலனியல் போன்ற அடிப்படைப் பாடங்களை முன்கூட்டியே படித்துவிட்டு முதுகலைக்கு வர முடியும். மொழியியல் படித்தவர்கள் அப்படி வருவது அங்கே வழக்கமே. அதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ கூடுதலாகும், செலவும் கூடும்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். பி.ஏ.எஸ்.எல்.பி. தட்டுத் தடுமாறித்தான் முடித்தேன். மைசூரு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க ஆசை. ஆனால் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுபவர்களுக்கு நடுவில் நான் எடுபடுவேனா என்று தயக்கமாக இருக்கிறது.
— வாசகர், திண்டுக்கல்

பதில்: விண்ணப்பியுங்கள். 1960களின் நடுவில் தொடங்கப்பட்ட மைசூரு அகில இந்தியப் பேச்சு செவிப்புலன் நிறுவனம், எங்கள் வழக்கில் 'ஐஷ்', நாடு முழுவதிலிருந்தும் மாணவர்கள் வரும் இடம். அங்கே சேருபவர்களில் ஆங்கில வழியில் படிக்காதவர்கள் பலர் உண்டு. நுழைவுத் தேர்வு பி.ஏ.எஸ்.எல்.பி. பாடங்களிலிருந்து கேட்கப்படும் கொள்குறி வகைத் தேர்வு. பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து வாரம் ஒன்றாக எழுதிப் பாருங்கள். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை.

ஆனால் உங்கள் தயக்கத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. நீங்கள் குறை என்று நினைப்பது இந்தத் தொழிலில் பெரிய மூலதனம். நான்கு வயதுக் குழந்தை 'வாழைப்பழ'த்தை 'வாளப்பளம்' என்று சொல்கிறது. உச்சரிப்புப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு பார்ப்பவர் 'ழ' வரவில்லை என்று குறித்துக்கொள்வார். தென் மாவட்டங்களில் வளர்ந்த உங்களுக்கு, அந்தக் குழந்தையின் பாட்டியும் 'பளம்' என்றுதான் சொல்வார் என்பது தெரியும். சென்னையில் அதே சொல் 'வாயப்பயம்' ஆகும். அது வட்டார வழக்கு, குறைபாடு அல்ல. அதைக் குறைபாடாக எண்ணி ஆறு மாதம் பயிற்சி கொடுத்தால், குழந்தையின் நேரமும் அந்த வீட்டின் பணமும் வீண்.

இன்னொன்று பாருங்கள். பேசத் தொடங்கும் குழந்தை 'காக்கா'வைத் 'தாத்தா' என்று சொல்வது சாதாரணம். பின்நாக்கில் எழ வேண்டிய ஒலியை முன்னே கொண்டுவந்துவிடுகிறது, வளர வளரப் பெரும்பாலும் தானே சரியாகும். ஆனால் இன்னொரு குழந்தை 'தாத்தா'வைக் 'காக்கா' என்று சொன்னால் நிமிர்ந்து உட்கார வேண்டும். முன்னால் எழும் ஒலிகளைப் பின்னால் தள்ளிச் சொல்வது இயல்பான வளர்ச்சியில் அரிது. அண்ணப் பிளவுள்ள குழந்தைகளிடம் இதைக் காண்கிறோம். வாயைத் திறந்து அண்ணத்தைப் பார்த்தீர்களா, பால் குடிக்கும்போது மூக்கு வழியாக வந்ததா என்று தாயிடம் கேட்டீர்களா என்பதே அடுத்த கேள்வி. இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசத்தை நேர்காணலில் உடைந்த ஆங்கிலத்தில் விளக்கினாலும், கேட்பவர்கள் உங்களைக் கவனிப்பார்கள்.

இதற்கென்று நான் மாணவர்களைச் செய்யச் சொல்லும் ஒரு பயிற்சி உண்டு. பாடப் புத்தகத்தில் தினமும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் படியுங்கள். இரவில் அதை உங்கள் அம்மாவிடம் தமிழில் சொல்லுங்கள். அவருக்குப் புரிந்துவிட்டால் மறுநாள் காலை அதையே ஐந்து ஆங்கில வாக்கியங்களில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அம்மாவுக்குப் புரியவில்லை என்றால் குறை ஆங்கிலத்தில் இல்லை, பாடமே இன்னும் உங்களுக்குப் பிடிபடவில்லை. தமிழில் சொல்லிப் பழகிய விஷயத்தைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் நிதானமாகச் சொல்வது, மனப்பாடம் செய்த நீண்ட வாக்கியங்களைவிடப் பல மடங்கு மேல்.

கேள்வி: எம்.எஸ்சி.யில் பேச்சு மொழி நோயியலா, செவிப்புலனியலா? எதில் வேலைவாய்ப்பு அதிகம்?
— வாசகர், சேலம்

பதில்: இரண்டிலும் வேலை இருக்கிறது என்பதால் வேலையை வைத்து இதை முடிவு செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் (உட்செவியில் கேட்புக் கருவி பொருத்தும்) அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. அந்த ஒரு குழந்தைக்கே இருவரும் தேவை. கருவியை இயக்கி, எந்த மின்முனைக்கு எவ்வளவு என்று மேப்பிங் செய்பவர் செவிப்புலனியலாளர். கேட்கத் தொடங்கிய ஒலியைச் சொல்லாக்கி, சொல்லைப் பேச்சாக்கும் வரை வாரா வாரம் உடன் உட்காருபவர் பேச்சு சிகிச்சையாளர். மாவட்டங்களில் இயங்கும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களிலும் இரு திறமையும் வேண்டியிருக்கிறது. இன்டர்ன்ஷிப்பில் எந்த அறையில் நேரம் போனது தெரியாமல் இருந்தீர்களோ, அதையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: மகள் பி.ஏ.எஸ்.எல்.பி. இறுதியாண்டில் படிக்கிறாள். அமெரிக்காவில் மேற்படிப்பு படிக்க வேண்டும் என்கிறாள். எவ்வளவு காலம் ஆகும், படித்த பிறகு அங்கே வேலை செய்ய என்னென்ன வேண்டும்? கடன் வாங்கித்தான் அனுப்ப வேண்டும் என்பதால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.
— வாசகர், திருப்பூர்

பதில்: கடன் வாங்கும் முன் கேட்டீர்களே, அதற்காகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் பேச்சு சிகிச்சையாளராக முதுகலைப் பட்டம் அடிப்படைத் தகுதி. படிப்பு பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள். அங்குள்ள பேச்சு மொழி செவிப்புலன் சங்கம் (1925இல் தொடங்கப்பட்டது, ஆஷா என்பார்கள்) வழங்கும் சான்றுதான் துறையில் மதிக்கப்படுவது. அதைப் பெற, அச்சங்கத்தின் கல்வி அங்கீகாரக் குழு ஏற்ற பல்கலைக்கழகத்தில் படித்திருக்க வேண்டும். 400 மணி நேர மருத்துவப் பயிற்சி வேண்டும். அதில் 25 மணி கூர்ந்து நோக்கல், 375 மணி நோயாளியோடு நேரடிப் பணி. இந்த 400இல் குறைந்தது 325 மணியை முதுகலைப் படிப்பின்போதே முடிக்க வேண்டும் என்பதால், உங்கள் மகள் இங்கே இன்டர்ன்ஷிப்பில் செய்த நூற்றுக்கணக்கான மணிகள் அங்கே பெரிதாகக் கணக்கில் வராது. இதைப் பலர் அங்கே போன பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். அடுத்து, பிராக்சிஸ் என்ற தேர்வில் 162 மதிப்பெண் எடுக்க வேண்டும். அதன் பிறகு மேற்பார்வையில் பணி: குறைந்தது 36 வாரங்களில் 1,260 மணி நேரம். வாரம் 35 மணி நேரம் என்று முழுநேரமாகச் செய்தால் சரியாக 36 வாரத்தில் முடியும். இவை தவிர, வேலை செய்யும் மாநிலத்தின் உரிமமும் தேவை.

படிப்பு முடிந்ததும் மாணவர் விசாவில் 12 மாதம் வேலைப் பயிற்சிக்கு அனுமதி உண்டு. கணினி, பொறியியல் மாணவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாத நீட்டிப்பு இந்தப் படிப்புக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. ஆகவே 36 வார மேற்பார்வைப் பணியை அந்த 12 மாதத்துக்குள் முடித்தாக வேண்டும், வேலை தேடும் நாட்களும் அதற்குள்ளேயே அடங்கும். உறவினர் வீட்டுப் பிள்ளை பொறியியல் படித்துவிட்டு மூன்றாண்டு வேலை பார்த்துக் கடனை அடைத்த கணக்கை இதற்குப் போடாதீர்கள். கடன் தவணையைக் கணக்கிடும்போது இந்த ஓராண்டை மட்டுமே உறுதியான வருமானமாக வைத்துக்கொண்டு, மீதியைக் கூடுதலாகக் கருதுங்கள். மருத்துவப் பயிற்சியோடு கூடிய முதுகலைக்கு முழு உதவித்தொகை கிடைப்பது அரிது. பகுதி நேர ஆய்வு உதவியாளர் பணி கிடைத்தாலே நல்லது.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் சி.எஸ்.டி.கேஸ் என்ற பொது இணையவாயில் வழியாகவே போகின்றன. பல துறைகளுக்குக் கடைசி நாள் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் வரும். ஜி.ஆர்.இ. தேர்வைப் பல பல்கலைக்கழகங்கள் கைவிட்டுவிட்டன, சில இன்னும் கேட்கின்றன. உயிரியல், இயற்பியல் அல்லது வேதியியல், புள்ளியியல், சமூக அல்லது நடத்தை அறிவியல் ஆகிய நான்கிலும் கல்லூரி அளவில் பாடம் படித்திருப்பதற்குச் சான்று கேட்பார்கள். பி.ஏ.எஸ்.எல்.பி. பாடத்திட்டத்தில் இவை வேறு தலைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும். எனவே பாடத்திட்டத்தின் நகலைக் கல்லூரி முத்திரையோடு இப்போதே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். படிப்பு முடிந்து இரண்டாண்டு கழித்து அந்தத் தாளுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்களை நான் அறிவேன்.

மகளின் ஆங்கில உச்சரிப்பு பற்றியும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேறு உச்சரிப்போடு ஆங்கிலம் பேசுகிறார் என்பதற்காக ஒருவருக்குப் படிப்பையோ பணியையோ மறுக்கக் கூடாது என்று அதே ஆஷா 1998இல் தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. நோயாளி செய்ய வேண்டிய ஒலியைச் சிகிச்சையாளரால் செய்துகாட்ட முடிகிறதா என்பதுதான் முக்கியம். உங்கள் மகள் எப்போதாவது ஊர் திரும்பிப் பணி செய்ய விரும்பினால், அமெரிக்கச் சான்று கையில் இருந்தாலும் இங்கே ஆர்.சி.ஐ. பதிவு வேண்டும். ஆகவே பி.ஏ.எஸ்.எல்.பி. முடித்தவுடன் இங்கே பதிவு செய்துவிட்டு, உரிய காலத்தில் புதுப்பித்தும் வரட்டும்.

கேள்வி: என் மகனுக்கு ஆட்டிசம். ஏழு ஆண்டுகளாகத் தெரபி வகுப்புகளில் அவனோடு உட்கார்ந்து வருகிறேன். பி.காம். படித்திருக்கிறேன், வயது 36. நானே பேச்சு சிகிச்சை படித்தால் என்ன என்று தோன்றுகிறது. யாரிடம் கேட்டாலும் சிரிக்கிறார்கள்.
— வாசகி, நாகர்கோவில்

பதில்: சிரிப்பவர்களை விடுங்கள், அம்மா. ஏழு ஆண்டுகள் அந்தச் சிறிய அறையில் தரையில் உட்கார்ந்து ஒரு குழந்தையின் கண் அசைவைக் கவனித்தவருக்கு இந்த எண்ணம் வராமல் இருந்தால்தான் வியப்பு.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். +2 வகுப்பில் நீங்கள் வணிகவியல் பிரிவு எடுத்திருந்தால் பி.ஏ.எஸ்.எல்.பி.யில் சேர இயலாது, அதன் வழியாக வரும் எம்.எஸ்சி.யும் இயலாது. அதற்காக இந்தத் துறையில் உங்களுக்கு இடமே இல்லை என்று ஆகிவிடாது. ஆர்.சி.ஐ. அங்கீகாரத்தோடு சிறப்புக் கல்வியில் பி.எட். இருக்கிறது. பி.காம். போன்ற பட்டம் பெற்றவர்கள் அதில் சேரலாம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் பேச்சைக் காட்டிலும் தகவல் பரிமாற்றம்தான் முதல் தேவை. படத்தைக் காட்டித் தண்ணீர் கேட்பதும், கையைப் பிடித்துக் கதவருகே அழைத்துப் போவதும் மொழியே. அந்த வேலையில் சிறப்பு ஆசிரியரின் பங்கு பேச்சு சிகிச்சையாளரின் பங்குக்குக் குறைந்ததல்ல. ஓராண்டு டி.எச்.எல்.எஸ். (செவிப்புலன், மொழி, பேச்சு) பட்டயம் என்று ஒன்றும் உண்டு. அது உதவியாளராகப் பணி செய்வதற்கானது. +2 வகுப்பில் நீங்கள் எடுத்த பாடங்கள் அதற்குப் பொருந்துகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். விண்ணப்பத்தில் உங்கள் மகனைப் பற்றி எழுதும்போது அவன் பட்ட துன்பத்தை அல்ல, அவனிடமிருந்து நீங்கள் கற்றதை எழுதுங்கள். அந்தத் தாள் எத்தனை பேர் கைக்குப் போகும் என்பது நமக்குத் தெரியாது. பெரியவனான பிறகு அவனே அதைப் படிக்க நேர்ந்தாலும் மனம் நோகாதபடி இருக்கட்டும்.

கேள்வி: எனக்குத் திக்குவாய் உண்டு. பி.ஏ.எஸ்.எல்.பி.யில் நல்ல மதிப்பெண். ஆனால் நேர்காணலில் 'பேச வராதவன் பேச்சு சிகிச்சையாளரா?' என்று நினைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. விண்ணப்பத்தில் இதை மறைத்துவிடலாமா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: இந்தத் துறையின் வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். அமெரிக்காவில் திக்குவாய் சிகிச்சைக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவரான சார்லஸ் வான் ரைப்பர் தாமே கடுமையாகத் திக்கியவர். அயோவாவில் பணியாற்றிய வெண்டல் ஜான்சனும் அப்படியே. பேசும்போது சொல் சிக்கிக்கொள்கிற அந்தக் கணம் உள்ளே எப்படி இருக்கும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். அந்த அறிவு அவர்களுடைய ஆய்வின் பகுதியாகவே இருந்தது.

மறைக்க வேண்டாம் என்பதுதான் என் யோசனை. இரண்டு காரணங்கள் உண்டு. மறைக்கும் முயற்சிதான் திக்கலை அதிகமாக்கும் என்பதை நீங்களே பாடத்தில் படித்திருப்பீர்கள். வரப்போகிற சொல்லைத் தவிர்ப்பது, வேறு சொல்லைத் தேடுவது, தொண்டையை இறுக்குவது என்று ஒன்றன் மேல் ஒன்றாகச் சுமை ஏறும். இரண்டாவது, அதை ஒரே வாக்கியத்தில் நீங்களே சொல்லிவிட்டால், குழுவினர் உங்கள் பேச்சை விட்டுவிட்டு நீங்கள் சொல்லும் விஷயத்தைக் கேட்கத் தொடங்குவார்கள். அறிக்கை முழுவதையும் திக்குவாயைப் பற்றியே எழுதிவிடாதீர்கள். மற்றவர்களைப் போலவே நீங்கள் பார்த்த ஒரு நோயாளியையும் உங்கள் கேள்வியையும் எழுதுங்கள். உங்கள் அனுபவம் அந்தக் கேள்விக்கு எங்கே உதவுகிறதோ அங்கே மட்டும் அதைத் தொடுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தை, உங்களுக்கு அதிக மதிப்பெண் போட்டவரிடம் கேட்காமல், நீங்கள் நோயாளிக்குப் பயிற்சி கொடுத்ததை நேரில் பார்த்த மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். திக்கிக்கொண்டே பேசும் நீங்கள் ஒரு குழந்தையைப் பேச வைத்ததை அவர் எழுதினால், நீங்கள் அஞ்சும் கேள்வியைக் கேட்க யாருக்கும் தோன்றாது. குறைந்தது ஒரு மாதம் முன்னதாகக் கேளுங்கள். உங்கள் பயிற்சிப் பதிவேட்டின் நகலையும் கொடுங்கள், நினைவிலிருந்து எழுதச் சொல்லி அவரைச் சிரமப்படுத்த வேண்டாம்.

நேர்காணலன்று அறைக்குள் நுழைந்து உட்கார்ந்ததும், "எனக்குத் திக்கல் உண்டு, சில பதில்களுக்குக் கொஞ்சம் நேரம் எடுப்பேன்" என்று சொல்லுங்கள். முந்தைய வாரம் இந்த வாக்கியத்தை நண்பர் ஒருவரிடம் தினமும் ஒரு முறை சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். அதைச் சொல்லும்போதும் திக்கலாம், பரவாயில்லை. அதன் பிறகு கேட்கப்படும் முதல் கேள்விக்கு விடை சொல்ல அவசரப்படாமல், மூச்சை விட்டுவிட்டுத் தொடங்குங்கள்.